முதல் 50 கிலோமீட்டர்: காலுக்கும் மனதுக்கும் பயிற்சி

மராத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மராத்தான்தான். முதன்முதலில் இறங்குபவர்களுக்கு 50 கி.மீ. ஏற்ற தூரம். 21 கி.மீ. ஓடி முடித்தும் தெம்பாக இருப்பவர்கள் ஆறு மாதம் ஒதுக்கினால் போதும். இதயக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

1. வேகத்தைக் குறையுங்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். கடிகாரத்தைவிட இந்தக் கணக்கையே நான் நம்புகிறேன்.

2. சனியையும் ஞாயிறையும் சேர்த்துப் பிடியுங்கள். வார நாட்களில் இரண்டு முறை 8 முதல் 10 கி.மீ. போதும். சனிக்கிழமை 25 கி.மீ. என்றால், மறுநாள் காலை அதே கனத்த கால்களோடு 12 கி.மீ. ஓடுங்கள். களைத்த காலோடு கிளம்பப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். மூன்று வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். பயிற்சியில் 35 கி.மீ. தொட்டால் போதும், 50 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமும் ஓட்டத்தைக் குறைத்து, நன்றாகத் தூங்குங்கள்.

3. முதல் மணி நேரத்திலிருந்தே நடங்கள். 25 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் நடை. முடியாமல் போன பிறகு நடப்பது வேறு, திட்டமிட்டு நடப்பது வேறு. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கும் இடையே 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறத்தாழ 90 கி.மீ. நீளமுடையது. 12 மணி நேரக் கெடுவுள்ள அந்த மலைப்பாதையில் மேடு வந்ததும் நடந்து, சரிவில் ஓடி முடிப்பவர்கள் ஏராளம். நடப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

4. பசிக்கும் முன் சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பெரிய மோரிஸ் வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். போட்டியன்று புதிய உணவும் கூடாது, புதிய ஷூவும் கூடாது. தொடை, அக்குள் போன்ற உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

5. மனம் விட்டுப்போகும்போது. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மே மாதக் காலை, 31ஆவது கிலோமீட்டரில் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். சட்டையைப் பிழிந்தால் வியர்வை சொட்டியது. 'இது நமக்கு ஆகாது' என்று ஆட்டோவுக்குக் கை காட்டவும் எழுந்துவிட்டேன். பையைத் துழாவியபோதுதான் கடலை மிட்டாய்ப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருப்பது தெரிந்தது. ஒன்றரை மணி நேரமாக எதுவுமே சாப்பிடவில்லை! இரண்டு துண்டு மென்று, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றைக் குடித்து, மெதுவாக நடந்தேன். கால் மணி நேரத்தில் கால்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. நான் மன உறுதி போய்விட்டதாக நினைத்தது வெறும் பசி.

அதனால், நிறுத்திவிடலாம் என்று தோன்றினால் முதலில் சாப்பிடுங்கள், பத்து நிமிடம் நடங்கள், பிறகு முடிவெடுங்கள். மயக்கம், குழப்பம், நெஞ்சுவலி, ஓரிடத்தில் குத்தும் வலி வந்தால் மட்டும் யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள். மீதித் தூரத்தை மொத்தமாக எண்ண வேண்டாம். அடுத்த பாலம், அடுத்த டீக்கடை என்று போங்கள். நான் இப்போது கைபேசியில் அரை மணிக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டு ஓடுகிறேன். மணி அடித்தால், பசித்தாலும் பசிக்காவிட்டாலும், கை பைக்குள் போய்விடும்.