குரலை மட்டும் பார்த்து ஆர்.ஜே. எடுக்காதீர்கள்

பல எஃப்.எம். நிலையங்களில் அறிவிப்பாளர் (ஆர்.ஜே.) தேர்வு ஆடிஷன் அறையிலேயே முடிந்துவிடுகிறது. குரல் கணீரென்று இருக்கிறது, தடுமாறாமல் பேசுகிறார், சரி, எடுத்துக்கொள்ளலாம். கேட்கப்போகிறவர் யார், அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. முதல் தவறு இந்த வரிசைதான்.

‘நம் நேயர்கள் 15 முதல் 45 வயதுக்காரர்கள்’ என்று எழுதி வைத்துக்கொள்வது அடுத்தது. விளம்பரதாரருக்குக் காட்ட அந்தக் கணக்கு போதும், ஆர்.ஜே.யைத் தேர்ந்தெடுக்க உதவாது. காலை 6 மணிக்கு டீக்கடை அடுப்பைப் பற்றவைப்பவரும், 8 மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் அம்மாவும், இரவு 11 மணிக்கு லாரி ஓட்டுகிறவரும் அந்த ஒரே வரிக்குள் இருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே வேகம், ஒரே கலகலப்பு ஒத்துவராது.

நேயரின் வயதுக்கு ஆர்.ஜே.யின் வயதைப் பொருத்துவதையும் நான் நம்புவதில்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதனை நினைத்துப் பாருங்கள். வேளாண்மை படித்தவர், சொந்தமாக விவசாயம் பார்த்தவர். அரியலூர்ப் பக்கத்துக்காரரான அவர், திருநெல்வேலி வானொலியில் விவசாயிகளுக்கான ஒலிபரப்பில் பணியாற்றினார். நெல்லைக்காரர் இல்லையே என்பது அங்கே ஒரு குறையாகவில்லை, ஏனென்றால் வயல் அவருக்குத் தெரியும். பிறகு சென்னை வானொலியில் அவர் சொன்ன ‘இன்று ஒரு தகவல்’ பெரியவர், சிறியவர் என்று எல்லா வீட்டிலும் காலையில் ஒலித்தது. இளைஞர்களைப் பிடிக்க அவர் இளைஞரைப் போலப் பேசவில்லை. அலட்டாத குரலில் கதை சொல்லி, கடைசியில் சிரிக்கவைத்தார், அவ்வளவுதான்.

மிகவும் வருத்தம் தருவது செயற்கையான வட்டார வழக்கு. மதுரைக்கோ கோவைக்கோ போட்ட ஆர்.ஜே.யிடம் ‘லோக்கலா பேசுங்க’ என்று சொல்கிறார்கள். அவரும் சினிமாவில் கேட்ட பேச்சை எடுத்து விடுகிறார். உள்ளூர்க்காரருக்கு அது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். தன்னைக் கேலி செய்வதாகக்கூடத் தோன்றும். வெளியூர்க்காரர் தன் சொந்தப் பேச்சிலேயே பேசட்டும். ஆனால் அந்த ஊரின் சந்தை நாள், பஸ் நெரிசல், தண்ணீர் வரும் நேரம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் மைக்கில் உட்காரவைக்காமல் ஊருக்குள் அனுப்புங்கள்.

பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 மீனவர்களுக்கான சமுதாய வானொலி. அங்கே மீனவர் குடும்பங்களிலிருந்தே அறிவிப்பாளர்கள் வந்தார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயரைச் சொன்னால் அதோடு வலையும் படகும் அன்றைய வருமானமும் சேர்ந்து நினைவுக்கு வரும் ஆட்கள் அவர்கள். வானிலை அறிவிப்பை அவர்கள் வாசிப்பதும், உச்சரிப்பு மட்டும் சுத்தமாக இருக்கும் ஒருவர் வாசிப்பதும் ஒன்றாகாது.

சினிமா, டிவி முகங்களைக் கொண்டுவந்தால் முதல் வாரம் பேச்சாக இருக்கும். தினமும் மூன்று மணி நேரம் பேச அவரிடம் விஷயம் இருக்கிறதா என்பதை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே பாருங்கள்.

ஆடிஷனில் எழுதிய தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதை விட்டுவிடுங்கள். நீங்கள் குறிவைக்கும் நேயர் ஒருவரைப் போனில் பிடித்து, அவரோடு ஆர்.ஜே.யைப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். ஆர்.ஜே. அடுத்த கேள்வியைத் தன் குறிப்பிலிருந்து எடுக்கிறாரா, நேயர் இப்போது சொன்னதிலிருந்து எடுக்கிறாரா என்று கவனியுங்கள். பதிவை அந்தப் பகுதி ஆட்கள் நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு, ஒரு மாத ரேட்டிங்கைப் பார்த்து நேரத்தை மாற்றாதீர்கள். நேயருக்கு ஒரு குரல் பழகப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் காலை ஷோவிலிருந்து மதியத்துக்குத் தள்ளினால் இரண்டு நேரத்து நேயர்களுமே கைவிட்டுப் போவார்கள்.