மலைச்சரிவில் ஏடிஎஃப் மாற்றுபவர்களுக்கு: முதலில் காரை மட்டமாக்குங்கள்

கோத்தகிரியில் சமமான வாசல் உள்ள வீடு அபூர்வம். எங்கள் வாசலும் தேயிலைப் பக்கம் சரிந்துதான் கிடக்கிறது. ஆட்டோமேட்டிக் காருக்கு வீட்டிலேயே ஏடிஎஃப், அதாவது கியர்பாக்ஸ் ஆயில், மாற்றுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சரிவைத்தான், ஆயில் அப்புறம். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் கியர்பாக்ஸின் அடித்தட்டான பேனில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அளவு பொய் சொல்லும்.

கொத்தனார் பிடிக்கும் டியூப் மட்டம் போதும். பெட்ரோல் பங்க் போன்ற சமதரையில் நிற்கும்போது, கதவுக்குக் கீழுள்ள விளிம்பின் உயரத்தை முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அந்த விளிம்பு பின்னால் சற்றுத் தூக்கலாக இருக்கும். வீட்டில் நான்கு ஜாக் ஸ்டாண்டில் ஏற்றியதும், டியூப் மட்டத்தில் பார்த்து அதே வித்தியாசம் வரும்வரை சரிசெய்யுங்கள். இடது வலதும் பார்க்க வேண்டும். சிமென்ட் தரையில் மட்டும் செய்யுங்கள். மழையில் நனைந்த மண் ஸ்டாண்டை உள்வாங்கிவிடும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

ஆயில் வகைக்குக் கார் கையேட்டை மட்டும் கேளுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. சிவிடிக்கு (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) ஆயில் வேறு. ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் கருவியே மாற்றும் வகை) என்றால் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், இந்த வேலை அதற்குப் பொருந்தாது.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். ஊற்றும் வழியின் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிகால் பிளக்கில் கை வையுங்கள். ஊற்றும் பிளக் கழலாவிட்டால் கார் ஆயிலே இல்லாமல் நின்றுவிடும். வடிந்ததை அளந்து, புது வாஷர் போட்டு மூடி, அதே அளவு புது ஆயில் ஊற்றுங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் போன்ற இடங்களில் பாதிக்கு மேல் பழையது தங்கியிருக்கலாம். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை மாற்றுவது நல்லது. பேனைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இனி ஆயில் மட்டம். மலையில் பலர் தவறுவது இங்கேதான். ஏடிஎஃப் சூட்டில் விரியும். உறைபனி விழும் தை மாதக் காலையில் குறைவாகத் தெரிகிறதே என்று நிரப்பினால், குஞ்சப்பனை ஏற்றத்தில் சூடேறும்போது ஆயில் மிஞ்சிவிடும். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரைக்கவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது, கியர் வழுக்கும். குறைந்தாலும் ஆபத்துதான்: கொண்டை ஊசி வளைவில் பம்ப் காற்றை இழுக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி நகர்த்துங்கள். அப்போது காருக்கு அடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. பிறகு பார்க் நிலையில் விடுங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உள்ள கார் என்றால் பெரும்பாலும் சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே ‘ஹாட்’ குறியைப் பார்க்க வேண்டும். சில ஹோண்டா கார்களில் இன்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். டிப்ஸ்டிக் இல்லாத காரில் ஓபிடி கருவியில் (காரின் கணினியில் செருகிப் பார்ப்பது) ஆயில் சூட்டைக் கவனியுங்கள். பல கார்களில் 35 முதல் 45 டிகிரிக்குள் ஆயில் மட்டம் பார்க்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். உங்கள் காரின் எண் கையேட்டில் இருக்கும். தாரையாக வந்தால் சொட்டாகும்வரை விட்டு மூடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் சொட்டும்வரை ஊற்றுங்கள்.

பழைய ஆயிலைக் கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். நம் ஓடைகள் பவானியில்தான் போய்ச் சேருகின்றன. மறுநாள் காலை காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, கழற்றிய பிளக்குகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.