பழைய டீசல் வேன் வாங்கும் முன்: குளிர்ந்த என்ஜின் சொல்வதைக் கேளுங்கள்

விற்பவரிடம் போனில் பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தேய்ந்த டீசல் என்ஜின் தன் குறையை மறைக்க முடியாத நேரம், இரவு முழுக்க நின்று குளிர்ந்த பிறகு அடிக்கும் முதல் செல்ஃப்தான். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 15 முதல் 22 மடங்கு வரை இறுக்கி, அதில் பிறக்கும் சூட்டில்தான் எரிபொருள் பற்றுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்தோ வால்வு சரியாக உட்காராமலோ அந்த இறுக்கம் (கம்ப்ரஷன்) கசிந்தால் அந்தச் சூடு போதாது. குளிர்ந்த இரும்பு மிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை சூடேறிவிட்டாலோ அதே என்ஜின் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே போனவுடன் பானெட்டைத் திறந்து என்ஜின் பிளாக்கையும் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், சொல்லியும் ஓட்டி வைத்திருக்கிறார்கள். மற்றதைப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம்.

சாவியைத் தொடும் முன்

டிப் ஸ்டிக்கை இழுங்கள். ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் கரி கலந்து, மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பழைய வண்டியில் தேன் நிறத்தில் புத்தம்புது ஆயில் இருந்தால்தான் ஏன் இப்போது மாற்றினார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும். சத்தத்தையும் புகையையும் அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது பழைய தந்திரம். அளவு மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் அது பெரிய விஷயம்: டீசலைப் பீய்ச்சும் நாசில் கசிகிறது, டீசல் பம்ப் சீல் போயிருக்கிறது, அல்லது டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் அந்தக் கரியை எரிக்கும் சுழற்சி அடிக்கடி பாதியில் நின்றிருக்கிறது. டீசல் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு குறைவு. பேரிங்குகள்தான் முதலில் விலை கொடுக்கும்.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறங்கள். உள்ளே ஆயில் படலம் மிதக்கக் கூடாது. துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் இருந்தால் பல வருடமாக கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓடியிருக்கிறது. அந்தத் துரு ரேடியேட்டரை அடைத்திருக்கும், வாட்டர் பம்பைத் தின்றிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெள்ளைப் பசை தெரிந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலும் அது சேரும். டிப் ஸ்டிக்கிலும் அதே பசை இருந்தால்தான் ஆபத்து.

பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்ப்பதும் நல்லது. ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம் என்று சந்தேகிக்கலாம், செல்ஃப் மோட்டார் அதிக கரண்ட் இழுத்தாலும் இப்படி விழும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இதைச் சரிபார்க்காமல், என்ஜின் மெதுவாகச் சுற்றுவதை மட்டும் வைத்து கம்ப்ரஷன் போய்விட்டது என்று தவறாக நினைத்துவிடக்கூடும்.

முதல் செல்ஃப்

ஒருவர் சாவியிடம், ஒருவர் சைலன்சர் பின்னால். சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு டாஷ்போர்டில் அணைந்ததும் ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று வினாடியில் பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றி, ஒரு சிலிண்டர் மட்டும் முதலில் பற்றி, வண்டி உதறி உதறி ஐந்தாறு வினாடி கழித்துச் சமநிலைக்கு வந்தால் ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டீசல் லைனில் காற்று என்ற மூன்றில் ஒன்று. ஹீட்டர் பிளக் மலிவான வேலை. ஓம் மீட்டரில் ஒன்று இரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும், தொடர்பே இல்லையென்றால் கருகிவிட்டது. டீசல் லைனில் காற்று என்றால் ஒளி ஊடுருவும் குழாயில் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். இரவில் நிற்கும்போது டீசல் டேங்க்குக்கே திரும்பிவிடுவதால்தான் காலையில் மட்டும் இந்தத் தொல்லை. இவை இரண்டும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

புகையின் நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆனால் எப்போது வருகிறது என்பதுதான் பாதிக் கதை. குளிரில் முதல் நிமிடம் லேசான வெண்புகை வந்து மறைவது சகஜம். மறையாமல் கண் எரிய வந்தால் எரியாத டீசல்: கம்ப்ரஷன் குறைவு, நாசில் கோளாறு, அல்லது பம்ப் டைமிங் தள்ளியிருக்கிறது. சூடான பிறகும் இனிப்பான வாடையோடு வெண்புகை வந்தால் கூலன்ட் எரிகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல், அதோடு கொஞ்ச காலம் வாழலாம். ஓட்டும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங் அல்லது டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி). மிதித்தவுடன் கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம்: அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வு (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்புவது), சொட்டும் நாசில். இவற்றில் பாதி அரை நாள் வேலை. கரும்புகையைக் காட்டி விலை பேசலாம், நீலப்புகையைக் கண்டால் யோசிக்க வேண்டும்.

மூன்று நிமிடம் ஓடியதும் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். இன்னும் சூடே ஏறாத ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல் விட்ட ஹெட்.

பேக் கம்ப்ரஷன்

என்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, ஓட்டையின் மேல் கவிழ்த்து வையுங்கள். மூடி லேசாக நடுங்கலாம். துள்ளி விழுந்தாலோ, டிப் ஸ்டிக் குழாயிலிருந்து ரயில் என்ஜின் மாதிரி விட்டு விட்டுப் புகை வந்தாலோ, பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது, இதுதான் பேக் கம்ப்ரஷன். தேய்ந்த ரிங், தேய்ந்த லைனர் (சிலிண்டரின் உட்சுவர்). அதற்கு முன், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அடைப்பும் இதே அறிகுறியைக் காட்டும். பிரீதர் குழாயை அதன் இடத்திலிருந்து கழற்றித் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டிருந்தால் கேள்வியே வேண்டாம், வரும் ஆயில் புகையைச் சமாளிக்கச் செய்த வேலை அது.

சந்தேகம் இருந்தும் வண்டி பிடித்திருந்தால் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கேஜ் இதற்கு ஆகாது, அழுத்தம் தாங்காது. நல்ல டீசல் என்ஜின் 25 முதல் 35 பார் வரை காட்டும், துல்லியமான எல்லை அந்தந்த என்ஜினின் மேனுவலில் இருக்கும். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசம் முக்கியம். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் என்ஜின் இறக்க வேண்டிய நாள் தூரத்தில் இல்லை.

பழைய பம்பா, காமன் ரெயிலா

மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள வண்டிக்குக் குறை குறைவு, சத்தம் அதிகம். ரோட்டரி பம்பில் ஒரு தனிக் குறை உண்டு: குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகும், சூடானதும் ஆகாது. பம்ப் ஹெட் தேய்ந்து, சூட்டில் இளகிய டீசல் அந்த இடைவெளியில் நழுவிவிடுவதே காரணம். குளிர்ந்தபின் தானாகவே சரியாகிவிடும் என்பதால் விற்பவர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

காமன் ரெயிலில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து கம்ப்யூட்டர் டீசல் தரும் முறை) ஸ்கேனர் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள். எரர் கோடு இல்லை என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. எரர் கோடை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள், பல வண்டிகள் அதைக் காட்டும். நேற்று அழித்திருந்தால் தெரிந்துவிடும். பிறகு கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் அழுத்தமும் உண்மையில் வரும் அழுத்தமும் ஒட்டிப் போகின்றனவா என்று ஐடிலிலும் மிதித்தும் பார்க்க வேண்டும். ஐடிலில் பெரும்பாலும் 250 முதல் 350 பார். நாசில்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பாட்டில் வைத்து ஓட விடுங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வேகமாக நிரம்பினால் தேய்ந்த நாசில் அதுதான். தேய்ந்த நாசில் அதுதான்.

டிபிஎஃப் இருக்க வேண்டிய வண்டியின் சைலன்சர் முனைக்குள் விரல் விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரல் கரியாக வந்தால் உள்ளே உள்ள ஃபில்டரை வெட்டி எடுத்திருக்கிறார்கள், அல்லது அது உடைந்திருக்கிறது. புகைப் பரிசோதனையில் அது உங்கள் தலையில் விடியும்.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும், முடிந்தால் சுமையோடு, மேடு ஏறி. காலி வேன் பல நோய்களை மறைக்கும். நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் முழுவதும் மிதியுங்கள். என்ஜின் கத்தி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. நிற்கும்போது வரும் உறுமல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங், மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். என்ஜினை அணைக்கும்போது கடகடவென்று அடித்து நின்றால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்த ஃப்ளைவீல்), கிளட்சைவிட அதிகச் செலவு அது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது கீழே டங்கென்றால் ஓட்டத் தண்டின் ஜாயின்ட் கிராஸ் தேய்ந்திருக்கிறது.

டெம்பரேச்சர் முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். பத்து நிமிடத்தில் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். மேட்டில் முள் ஏறினால் கோளாறு என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவுக்கே வரவில்லை என்றாலும் கோளாறுதான், சூடேறும் என்ஜினைச் சமாளிக்க, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

டர்போ ஊளையிடக் கூடாது. திரும்பி வந்து அணைத்தபின், ஏர் ஹோஸைக் கழற்றி டர்போவின் தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடலாம், உள்ளும் வெளியும் நகரவே கூடாது. ஹோஸின் உள்ளே லேசான ஆயில் பூச்சு சகஜம், குட்டையாகத் தேங்கி நின்றால் இல்லை. இந்த வேலை முடிவதற்குள் பதினைந்து நிமிடம் போயிருக்கும். இப்போது மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மேலே சொன்ன ரோட்டரி பம்ப் கோளாறு இருந்தால் இங்கேதான் மாட்டும்.

பிரேக்குக்கு ஒரு சிறு சோதனை. என்ஜின் அணைந்திருக்கும்போது பெடல் கட்டியாகும்வரை பலமுறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் பம்போ, பிரேக்குக்குப் பலம் கூட்டும் சர்வோவோ வேலை செய்யவில்லை.

அடியில் படுத்துப் பார்ப்பது

என்ஜினை மாற்றலாம், துருப்பிடித்த சேசிஸை மாற்ற முடியாது. ஸ்பிரிங் பட்டை சேசிஸோடு சேரும் இடம், கிராஸ் மெம்பர், சறுக்குக் கதவின் கீழ் ரெயில், வீல் ஆர்ச், மிதியடிக்கு அடியில் உள்ள தரைத் தகடு என ஒவ்வொன்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. அடிப்பாகம் முழுக்க நேற்று அடித்த கறுப்பு பெயின்ட் இருந்தால் அது எதையோ மூடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு உடைந்திருப்பது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, சரக்குத் தளம் வளைந்திருப்பது எல்லாமே அளவுக்கு மீறிச் சுமந்ததன் அடையாளம். அப்படிச் சுமந்த வண்டியில் கியர்பாக்ஸும் அச்சிலுள்ள கிரௌன் கியரும் மட்டும் புதிதாக இருக்காது.

மீட்டரும் வரலாறும்

வேனின் கிலோமீட்டர் தனியாகப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. நெடுஞ்சாலையில் 3 லட்சம் ஓடிய என்ஜின், வீடு வீடாக நின்று நின்று 1 லட்சம் ஓடியதைவிட நன்றாக இருக்கக்கூடும். ஐடிலில் நின்ற நேரம் மீட்டரில் ஏறுவதே இல்லை. பெடல் ரப்பர், ஸ்டியரிங், ஓட்டுநர் சீட்டின் ஓரம், கதவுக் கீல் ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த இடத்தில் படித்து, ஆவணத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றியுள்ள உலோகத்தில் அரைத்த தடம் இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம்.

வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில், மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. டீசலில் பெல்ட் அறுந்தால் பெரும்பாலும் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அதன்பின் ஹெட்டை இறக்காமல் முடியாது. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். வாங்கினால், அந்த வேலை முடியும்வரை தூரப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.