செல்ஃப் திணறியதற்கு எர்த் வயரே காரணம்: என் அனுபவம்

1998-ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் பெட்ரோல் காரில், சென்ற கோடையில் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் திணறித் திணறிச் சுழன்றது. இன்ஜின் ஓடும்போதுகூட முகப்பு விளக்குகள் மங்கலாகவே எரிந்தன. பேட்டரி புதியது என்பதால், இரண்டுக்கும் பொதுவான எர்த் வயரைத்தான் (பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடு இணைக்கும் வயர்) நான் முதலில் சந்தேகித்தேன்.

மல்டிமீட்டரில் அந்த வயரின் ஓம் அளவு (மின்தடை) ஏறக்குறைய பூஜ்யமாகவே இருந்தது. ஆனால், அந்த அளவை நம்பக் கூடாது. நல்ல நிலையில் ஒரேயொரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும், செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரை அந்த இழை தாங்காது. ஆகவே, இன்ஜின் கிளம்பிவிடாதபடி எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்து, மகனைச் சாவி போடச் சொன்னேன். செல்ஃப் சுழலும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய மின்னழுத்த இழப்பு 1.6 வோல்ட்டாக இருந்தது.

வயரின் உறையைக் கீறிப் பார்த்தபோது, செம்பு பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, 25 சதுர மில்லிமீட்டர் புதிய வயரை, முனைகளில் லக் (வயரை போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அழுத்திப் பொருத்தி, பிளாக்கில் அது அமரும் இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். சைலன்சர் குழாய்க்கு அருகில் உறை நொறுங்கியிருந்த மெல்லிய வயர்களுக்கு, வெப்பத்தில் இளகும் சாதாரண டேப்பைச் சுற்றாமல், வெப்பம் தாங்கும் வயரையே மாற்றினேன். இப்போது இழப்பு 0.2 வோல்ட்தான்.