பழைய விமானமும் சனிக்கிழமைப் பூசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மூன்று இளைஞர்கள் என்னைத் தேடிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தார்கள். கோவைப் பக்கத்துப் பிள்ளைகள். பங்கு போட்டுப் பழைய செஸ்னா 152 என்னும் சின்ன இரட்டை இருக்கை விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார்கள். கொட்டகை வாசலில் விமானம் நிற்கிறது, எஞ்சின் உறுமுகிறது, ஐந்து நிமிடம் கழித்து அணைத்துவிட்டுக் கை தட்டுகிறார்கள். “வாரம் தவறாமல் செய்கிறோம் சார். எஞ்சின் துருப்பிடித்துவிடக் கூடாது அல்லவா?” என்றான் ஒருவன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முப்பது வருடங்களுக்கு முன் இதே காரியத்தை இதே பெருமையோடு செய்தவன் நான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். டயரில் காற்று, டேங்கில் தண்ணீர், வேகம் அளக்கும் பிட்டோ குழாயில் குளவிக்கூடு பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது திட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

வாங்கிய விலையோடு செலவு முடிந்தது என்று நினைப்பது

செஸ்னா 152 தயாரிப்பு 1985-இல் நின்றுவிட்டது. மறு வருடம் அந்த நிறுவனம் ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானங்களையே நிறுத்தியது. பத்து வருடம் கழித்து மறுபடி தொடங்கியபோது பெரிய விமானங்கள் திரும்பி வந்தன, 152 வரவில்லை. ஆக, உங்களுக்குக் கிடைக்கும் மிக இளைய 152-க்கும் நாற்பது வயது. உதிரிபாகம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். டாலர் ஏறும்போது அதுவும் ஏறும், அதற்கு மேல் சரக்குக் கட்டணம், சுங்கம். எரிபொருள் கதையும் அதுதான். இந்த எஞ்சின்கள் குடிக்கும் 100 எல்.எல். பெட்ரோலை இந்தியன் ஆயில் இங்கே தயாரித்து விற்கத் தொடங்கியதே 2022-இல்தான். அதுவரை கப்பலில் வந்தது. விற்பவர் சொல்லும் விலையைக் கேட்டு மகிழ்வதற்கு முன் லாக் புத்தகத்தைக் கேளுங்கள். எஞ்சின் கடைசியாக எப்போது ஓவர்ஹால் ஆனது, அதாவது முழுக்கப் பிரித்துச் சீரமைக்கப்பட்டது, அதற்குப் பின் எத்தனை மாதம் சும்மா நின்றது? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சான்றுக் காகிதம் இல்லாத பாகம்

இரும்புக்கடைச் சரக்கு.

பங்க் பெட்ரோல்

இப்போது அதில் எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் சீல்கள் தாங்காது. வேண்டாம்.

சனிக்கிழமைப் பூசை

1990-களின் நடுவில் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பயிற்றுநர் வேலையை விட்டுப் போனதால் இதே 152 வகை விமானம் ஒன்று எட்டு மாதம் தரையில் நின்றது. அதிலும் ஆனி, ஆடி முழுவதும். பாலக்காட்டுக் கணவாய் என்பது மலைத்தொடரில் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல். தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு அதன் வழியாக நேரே கொட்டகைக்குள் வந்துவிடும். ஆடியில் அம்மி பறக்கும் ஊர்தான், எங்கள் விமானம்தான் பறக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு சனிக்கிழமையும் துணி விலக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓட்டி அணைத்தேன். நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டேன். செயலாளர் பாராட்டினார்.

உள்ளே நடந்தது வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எஞ்சினின் உட்கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கும், எரிந்த புகையின் அமிலத்தோடு. பறக்கும்போது எண்ணெய் நன்றாகச் சூடேறி அந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். அதற்கு எண்ணெய் குறைந்தது 74 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அந்தச் சூட்டில் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். தரையில் பத்து நிமிடத்தில் அது நடக்காது. அடுப்பை அணைத்த இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். எஞ்சினுக்குள் அப்படித்தான் முத்து முத்தாக நிற்கும். வாரத்துக்கு ஒரு முறை நானே உள்ளே நீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

152-இல் இருக்கும் லைகாமிங் எஞ்சினில் இன்னொரு வம்பு உண்டு. வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் என்னும் தண்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. கீழே இருந்தால் மேலிருந்து சொட்டும் எண்ணெயிலாவது நனையும். மேலே இருப்பதால் எண்ணெய் வடிந்து முதலில் காய்வது அதுதான், முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். சிறு துருப்புள்ளி போதும். அடுத்து ஓடும்போது, கேமுக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் டேப்பட் அதன் மேல் அரைக்கும். தரையில் ஓட்டுவது பறப்பதற்கு ஈடாகாது, துருவை அதிகமாக்கவே செய்யும் என்று லைகாமிங் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தாள் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

புதுப் பயிற்றுநர் வந்து சில மணி நேரம் பறந்தார். மேலேறும்போது இழுவை குறைகிறது என்றார். நான் பிளக்கைக் குறை சொன்னேன், பிறகு பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை. எஞ்சினைப் பிரித்தபோது கேமின் முட்டை வடிவ மேடுகளில் இரண்டு தேய்ந்து உருண்டையாகியிருந்தன. கேம்ஷாஃப்டை எடுக்க வேண்டுமானால் கிராங்க்கேஸையே இரண்டாகப் பிளக்க வேண்டும். அதாவது முழு ஓவர்ஹால். செலவு ஏழு இலக்கத்தில் வந்தது. அந்தக் காலத்தில் அது எனக்குப் பல வருடச் சம்பளம். நோட்டில் என் கையெழுத்து வரிசையாக இருந்தது, முப்பத்து நான்கு சனிக்கிழமைகள்.

இன்றும் இந்த வீடியோக்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சோம்பேறி செய்த தவறாக இருந்தால் மன்னித்துவிடலாம். இது அக்கறையுள்ளவன் செய்யும் தவறு. சும்மா விட்டிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

சரி, என்ன செய்வது? பறக்க முடிந்தால் பறந்துவிடுங்கள், ஒரு மணி நேரம். முடியாது, மாதக்கணக்கில் நிற்கும் என்று தெரிந்தால் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, பிளக் இடத்தில் சிலிக்கா ஜெல் அடைப்பான்களைச் செருகி, எல்லாத் துளைகளையும் மூடிவிட்டு, தொடாதீர்கள். ஜெல் நீலத்திலிருந்து ரோஜா நிறமானால் மாற்றுங்கள். எண்ணெயை மணிக்கணக்கு பார்த்து மட்டும் மாற்றாதீர்கள், பறக்காவிட்டாலும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றி வைப்பது

மேலே சொன்னதன் தம்பி. உள்ளே ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் படலத்தையும் வழித்து எடுத்துவிடுவீர்கள். மேக்னெட்டோ உயிரோடு இருந்தால் கையும் போகும்.

துணி

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) கட்டிய புஷ்பக் போன்ற துணி போர்த்திய விமானங்களுக்கு மட்டும். பழைய துணியின் மேல் புது வண்ணம் பூசினால் துணி புதிதாகாது. வலிமையைச் சோதித்துவிட்டுப் பூசுங்கள். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் பாலக்காட்டில் பேரனுக்குப் பட்டம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வடிகட்டியை வெட்டிப் பார்க்காமல் எறிவது

எண்ணெய் மாற்றும்போது வடிகட்டியை வெட்டித் திறந்து, மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் பழைய வடிகட்டியைக் குப்பையில் போட்டிருந்தார்கள். தேடி எடுத்து வரச் சொன்னேன். கொட்டகைத் திண்ணையில் வைத்து வெட்டினோம். மடிப்பைப் பிழிந்து வெயிலில் விரித்தபோது இரண்டு மூன்று இடத்தில் மினுக்கியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். ஒட்டியது. கை தட்டிய பையன் காந்தத்தை என் கையிலிருந்து வாங்கி, துடைத்துவிட்டு, தானே ஒரு முறை வைத்துப் பார்த்தான்.