மார்ஜினில் வந்த 16% எங்கே போனது?

"மூணே மாசத்துல பதினாறு பர்சென்ட், மச்சான்!" என்று மைத்துனர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். 500 ரூபாய்க்கு 200 பங்கு. கைக்காசு 50,000, எம்டிஎஃப்பில் (கொஞ்சம் கைக்காசை மார்ஜினாகப் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கிப் பங்கு வாங்கும் வசதி) புரோக்கர் கொடுத்த கடன் 50,000. 540க்கு விற்றதில் 8,000 லாபம். போட்ட ஐம்பதாயிரத்துக்கு எட்டாயிரம், 16% சரிதானே?

ஆப்பில் தெரிந்தது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். கடனுக்கு வட்டி வருஷத்துக்கு 15%. 90 நாளுக்கு 1,849 ரூபாய். சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறுக்கும் வட்டி ஓடும். வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), மொத்தம் 208. முத்திரைத் தீர்வை 15. ஒரு வருஷத்துக்குள் விற்றதால் லாபத்தில் 20% வரி, அதன் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியோடு 1,664. வட்டி போக மீதிக்குத்தான் வரி என்று நினைத்துச் சறுக்குபவர்கள் நிறைய. எஸ்டிடியைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. வட்டியைக் கழிப்பது வழக்கு வரை போகிற சமாச்சாரம். கழிக்காமல் கணக்குப் போடுவதே பத்திரம்.

கடைசியில் கையில் நின்றது சுமார் 4,260, அதாவது 8.5%. புரோக்கரேஜ் இன்னும் கழிக்கவில்லை!

கடனே வாங்காமல் 100 பங்கு வாங்கியிருந்தால் 6.1% வந்திருக்கும். இரண்டு மடங்கு ரிஸ்க் எடுத்ததற்குக் கூடுதலாக வந்தது இரண்டரை சதவீதம்கூட இல்லை. அதே பங்கு 460க்கு இறங்கியிருந்தால்? கடனில்லாதவருக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் நஷ்டம்; மைத்துனருக்கு 10,000 ரூபாய்க்கு மேல், 20%.

மூன்று மாத லாபத்தை நாலால் பெருக்கி "வருஷத்துக்கு இவ்வளவு" என்பது இன்னொரு பழக்கம். அடுத்த மூன்று காலாண்டும் இப்படியே ஏறும் என்று யார் சொன்னது? சராசரியும் ஏமாற்றும்: ஒரு வருஷம் 50% ஏறி மறு வருஷம் 50% இறங்கினால் சராசரி பூஜ்யம், ஆனால் 100 ரூபாய் 75 ஆகியிருக்கும்.

"இறங்கினா என்ன, ஏறுற வரைக்கும் வெச்சிருப்பேன்" என்பது சொந்தக் காசில் வாங்கியவர் பேசும் பேச்சு. விலை 30% சரிந்தால் பங்கின் மதிப்பு 70,000. கடன் 50,000 அப்படியே நிற்கும், உங்கள் காசில் மிஞ்சுவது வெறும் 20,000. புரோக்கர் மேற்கொண்டு மார்ஜின் கேட்பார்; கெடுவுக்குள் கட்டாவிட்டால் அடிமட்ட விலையானாலும் விற்றுவிடுவார். அந்த நஷ்டத்தை 8 வருஷம் வரை பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழிக்கலாம். அதற்கு அந்த வருஷத்து வருமான வரி ரிட்டர்னைக் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.