நாலு நாள் படுத்திய டயர் விளக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். போன வாரம் கன்னியக்கோயில் தாண்டியதும் டயரில் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. அளந்தால் நாலு டயரிலும் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்தது. மறுநாளும் அதே கதை.

பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வு மாற்றினேன், வீண். ஒரு மெக்கானிக், "சென்சார் போச்சு சார், நாலும் மாத்தணும்" என்றார்.

இரவு கையேட்டைப் புரட்டினால், என் வண்டியில் சக்கரத்துக்குள் காற்றை அளக்கும் சென்சாரே கிடையாது! ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார்களை வைத்துத்தான் வண்டி சக்கரங்களின் வேகத்தை ஒப்பிடுகிறது. காற்று குறைந்த டயர் சற்றுச் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். விளக்கு எரிவதற்கு முந்தின நாள்தான் முன் இடது டயரை மட்டும் புதிதாகப் போட்டிருந்தேன் (ஜோடியாக மாற்றியிருக்க வேண்டும், கஞ்சத்தனம்). அதன் தரையில் படும் பட்டை தடிமன், சுற்றளவும் அதிகம். வலப்பக்கம் இருந்த தேய்ந்த பழைய டயர் அதைவிட வேகமாகச் சுற்ற, அதில் காற்றில்லை என்று வண்டி முடிவு கட்டிவிட்டது.

காலையில் கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று வைத்தேன். ஓடிச் சூடான டயர் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; அப்போது ரீசெட் செய்தால் தப்பான அளவு பதிந்துவிடும். அப்புறம் வண்டி நின்ற நிலையில் இக்னிஷனைப் போட்டு, திரையில் ரீசெட் கொடுத்தேன். புது அளவைப் பழகிக்கொள்ள அது கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அரியாங்குப்பம் வந்தும் விளக்கு எரியவில்லை. அப்பாடா!